முதல் காய் நகர்த்த இருபத்திரண்டு நிமிடம்

வவுனியாவில் சதுரங்கப் போட்டி, பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த அன்று நான் முதலில் பார்த்தது கலண்டரை. இரண்டாவதாகப் பார்த்தது மனைவியின் முகத்தை. கலண்டரில் வெள்ளிக்கிழமை இராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை, சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை என்று போட்டிருந்தது. மனைவியின் முகத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் வர முடியாது. ஆகவே நான் போவதென்று முடிவாயிற்று.

எங்கள் வீடு புதுக்குடியிருப்பில். அச்சில் போட்டுச் சீமெந்துக் கல் அரிவது என் தொழில். கல் காயும்வரை மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்ப்பதுதான் அதில் பாதி வேலை. அந்தப் பாதியில் நான் கெட்டிக்காரன். படிப்பு எட்டாம் வகுப்புவரை. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நாங்கள் இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்தோம், பிறகு சந்திக்கவில்லை. நேரம் பாராமல் வெளிக்கிட்ட பயணங்கள் எங்கள் குடும்பத்துக்குப் போதுமான அளவு இருந்தன. ஆகவே இப்போது நான் நேரம் பார்ப்பவன்.

மகள் கம்சிகாவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர் இரண்டு வருடத்துக்கு முன் மூன்று பலகைகளோடு ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். மாரி காலம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. இப்போது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளில் எங்கள் பக்கத்தில் இவளை வெல்ல ஆளில்லை. வவுனியாவில் ஐந்து ஆட்டம். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் கொழும்பில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் வயது கூடிவிடும், பெரிய பிள்ளைகளோடு விளையாட வேண்டும். இந்த முறை விட்டால் கொழும்பு இப்போதைக்கு இல்லை.

விளையாட்டு எனக்குத் தெரியாது. வெள்ளைக் காய் கிடைத்தவர்தான் முதலில் தொடங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். வெள்ளை கிடைத்தால் கம்சிகா எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவாள். ராசாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம், பிறகு குதிரை, பிறகு மந்திரி. இதற்கு இத்தாலித் தொடக்கம் என்று பெயராம். எங்கள் ஒழுங்கையிலிருந்து இத்தாலிக்குப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் தொடங்கியதும் இப்படித்தான். முதலில் சைக்கிள் விலை போனது, பிறகு மாடு விலை போனது, பிறகு ஆள் போனார்.

வியாழக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். நான் கொண்டுபோன சாமான்களில் ஐந்து லீற்றர் கான் ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இருந்தது. வவுனியாப் பக்கத் தண்ணீர் சிறுநீரகத்துக்குக் கூடாது என்று என்னிடம் கல் வாங்க வந்த ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று நாளில் சிறுநீரகம் பழுதாகாது என்று கம்சிகா சொன்னாள். எத்தனை நாளில் பழுதாகும் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. கானைத் தூக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நடத்துநர் கானைப் பார்த்துவிட்டு மண்ணெண்ணெயா என்று கேட்டார். தண்ணீர் என்றேன். வவுனியாவில் தண்ணீர் இல்லையா என்று கேட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் அவர் சாரதியிடம் போய்ச் சொல்லிவிட்டார். சாரதி முன் இருக்கைக்காரர்களிடம் சொன்னார். நாங்கள் பின்னால் போய் இருப்பதற்குள் செய்தி அங்கே போயிருந்தது.

பாதி வழியில் ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. எங்கள் ஊர் மாடுகள் ஹோர்ன் கேட்டால் எழும்பும். இந்த மாடுகள் எழும்பவில்லை. சாரதி பிறேக்கை மிதித்த மிதியில் கம்சிகாவின் மடியிலிருந்த பெட்டி திறந்து, சதுரங்கக் காய்கள் முழுவதும் பஸ்ஸின் தரையில் உருண்டன. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கரம் போட் காயா என்று ஒருவர் கேட்டார். இல்லை, அது வட்டமாக இருக்கும் என்று இன்னொருவர் திருத்தினார். குனிந்து பொறுக்கி எண்ணியபோது ஒன்று குறைந்தது.

வவுனியாவில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கீரைக் கட்டுகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, தன் பைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்தார்.

“இதென்ன பிள்ளை, கூராய்க் கிடக்கு?”

“மந்திரி.”

“அதுதான். மந்திரியெண்டால் தேடேக்கை கையில ஆம்பிடாது” என்று அந்த அம்மா சொல்லி, சீலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார்.

வவுனியா பெரிய இடம். புதுக்குடியிருப்பில் ரோட்டைக் கடப்பதென்றால் இறங்கி நடக்க வேண்டியதுதான். வருகிறவருக்கு என்னைத் தெரியும், நின்று எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போவார். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. பஸ் நிலையத்துக்கு முன்னால் நாங்கள் கானோடு நெடுநேரம் நின்றோம். கடைசியில் கம்சிகா என் கையைப் பிடித்துக் கடத்திவிட்டாள். பேக்கரி ஒன்றில் ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்தோம். ரோல்ஸ் எங்கள் ஊரைவிட நீளம். உறைப்பு குறைவு. பிளேன்ரீ வவுனியாத் தண்ணீரில் போட்டது என்பது குடித்து முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், நெளுக்குளத்தில் இருக்கிறார். அங்கேதான் தங்கல். கானைக் கண்டதும் மச்சாள் அதை வாங்கிக் குசினி மூலையில் வைத்தார்.

“நாங்கள் இருவது வருசமா இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறம். சாகேல்லை” என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். சொதி எந்தத் தண்ணீரில் வைத்தது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. சகலன் ஓட்டோ ஓடுகிறவர், எதற்கும் அவசரப்படாதவர். விடியக் கொண்டுபோய் விடுகிறேன், ஒன்றுக்கும் யோசிக்காதே என்றார். அதிலிருந்து எனக்கு யோசனை தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டோ இயங்கவில்லை. தள்ளினால் வரும் என்று சகலன் சொன்னார். நானும் கம்சிகாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினோம். கோயிலடி வரைக்கும் இயங்கவில்லை, அதற்குப் பிறகு இயங்கியது. இதெல்லாம் நல்லதுக்குத்தான், பிள்ளை கோயிலைக் கும்பிட்டுப் போகிறாள் என்று சகலன் விளக்கினார். அவரோடு இரண்டு நாள் இருந்தும் எதுவும் கெட்டதுக்கு என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

போட்டி ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் நடந்தது. மேசைகள் நீளமாகப் போட்டு, ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் ஒரு மணிக்கூடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பத்தைந்து நிமிடம். தன் காயை நகர்த்தி மணிக்கூட்டை அமத்தினால் தன் நேரம் நின்று மற்றவரின் நேரம் ஓடும். யாருடைய நேரம் முதலில் முடிகிறதோ அவர் தோல்வி. பெற்றோர் உள்ளே போகக்கூடாது. மண்டபத்தின் ஒரு பக்கம் கண்ணாடித் தட்டு ஜன்னல்கள் இருந்தன, அங்கே நின்று பார்க்கலாம். மற்றப் பெற்றோர் மரத்தடியில் கதிரை போட்டு இருந்து கதைத்தார்கள். நான் ஜன்னலடியில் நின்றேன்.

முதல் ஆட்டம் ஒன்பது மணிக்கு. கம்சிகாவுக்கு வெள்ளை. நல்ல நேரம். இத்தாலி மாதிரித் தொடங்கி வென்றாள்.

இரண்டாவது ஆட்டம் பத்தே முக்காலுக்கு என்று ஒட்டியிருந்தது. இராகுகாலம் தொடங்கிக் கால் மணித்தியாலம். நான் பட்டியலில் கம்சிகாவின் பெயரைத் தேடி, அதற்கு எதிரே கறுப்பு என்று கண்டதும் மூச்சு வந்தது. கறுப்பென்றால் தொடங்குவது மற்றப் பிள்ளை. கூடாத நேரத்தில் தொடங்கிய பாவம் அந்தப் பக்கம். பக்கத்தில் நின்ற ஒரு தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கறுப்பென்று கவலைப்பட வேண்டாம் அண்ணை, கறுப்பிலும் வெல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார். சதுரங்கத்தில் வெள்ளை கிடைத்தால்தான் சந்தோசப்பட வேண்டுமாம். அவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஆட்டமும் வெற்றி. ஏன் வென்றாய் தெரியுமா என்று கம்சிகாவிடம் கேட்டு, நானே காரணத்தையும் சொன்னேன்.

“இல்லை அப்பா. அந்தப் பிள்ளை ராணியைச் சும்மா தந்தவள்” என்றாள்.

இராகுகாலத்தில் தொடங்கினால் அப்படித்தான் ராணியைச் சும்மா கொடுக்க வேண்டி வரும் என்றேன். அவள் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை, நாங்கள் மரக்கறி. பார்சலுக்குள் அவித்த முட்டை இருந்தது. நான் என்னுடையதை ஒதுக்கி வைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது இரண்டு முட்டையும் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் அவள் வென்றதால் அதைப் பற்றிக் கதை எடுக்கவில்லை.

நாலாவது ஆட்டத்தில் தோற்றாள். கண்ணாடி போட்ட உயரமான பிள்ளை ஒன்று, ஒரு சொல் பேசாமல், முகம் மாறாமல் வென்றுவிட்டுப் போனது. கம்சிகா அழவில்லை. பைப்படிக்குப் போய் இரண்டு கை நிறைய வவுனியாத் தண்ணீரைக் குடித்தாள். அந்த நேரம் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னேரம் ரீச்சர் வந்து நிலவரம் சொன்னார். நாலில் மூன்று வெற்றி. நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம். வென்றால் கட்டாயம் நாலுக்குள் வருவாள். சமமாக முடிந்தால் மற்றவர்களைப் பார்க்க வேண்டும். தோற்றால் இல்லை. ஒன்பது மணிக்கு ஆட்டம், பிள்ளையை நேரத்தோடு படுக்க விடுங்கள் என்றார்.

ஒன்பது மணி என்ற சொல்லுக்குப் பிறகு ரீச்சர் சொன்ன எதுவும் எனக்கு ஏறவில்லை. சனிக்கிழமை இராகுகாலம் தொடங்குவதே ஒன்பதுக்குத்தான். திரும்பும் வழியில் சகலன் கடையில் நிற்பாட்டி மரக்கறிக் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். தகட்டில் கொத்தும் சத்தம் எங்கள் ஊர்க் கடையைவிட வேகம். அதைக் கேட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் எடுத்தேன். மூன்று வெற்றி என்றதும் அவளுக்குச் சந்தோசம். ஒன்பது மணி விசயத்தைச் சொன்னேன்.

“ஒரு மண்டபம் நிறையப் பிள்ளையள் ஒன்பது மணிக்குத்தானே தொடங்குதுகள்” என்றாள். “எல்லாருமே தோக்கப்போகினம்?”

அரைவாசிப் பேர் தோற்பார்கள் என்றேன். அவள் போனைக் கம்சிகாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை மழை. ஓட்டோ முதல் உதையிலேயே இயங்கியது. அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மண்டபத்தில் கரண்ட் நின்றது. யார் யாரோடு விளையாடுவது என்ற பட்டியல் கம்பியூட்டருக்குள், கம்பியூட்டர் இருட்டுக்குள். ஒன்பதரை ஆயிற்று. பெற்றோர் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டும், இது என்ன ஒழுங்கு என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் மட்டும் பத்தரை வரைக்கும் கரண்ட் வராமல் இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜெனரேற்றர் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று தரம் கயிற்றை இழுத்தார்கள், இயங்கவில்லை. நாலாம் தரம் இயங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பத்து மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். கம்சிகா, மூன்றாம் மேசை, வெள்ளை. எதிரே நெத்மி என்று ஒரு சிங்களப் பிள்ளையின் பெயர். மேலும் கீழும் இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளைதான்.

ரீச்சர் ஆண்பிள்ளைகளின் பக்கம் நின்றார். நான் கம்சிகாவைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“பிள்ளை, வெள்ளை.”

“ஓம், பாத்தனான்.”

“பத்தரை மட்டும் ராகுகாலம். முதல் காயைப் பத்தரைக்குப் பிறகு தூக்கு.”

“மணிக்கூடு ஓடும் அப்பா.”

“ஓடட்டும். நீ கெதியா விளையாடுற ஆள்தானே. நேற்று அரைவாசி நேரம் மிச்சம் எண்டு நீதான் சொன்னனி.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு நடுவர் தமிழிலும் சிங்களத்திலும் தொடங்கச் சொன்னார். கறுப்புக் காயோடு இருந்த நெத்மி மணிக்கூட்டை அமத்த, கம்சிகாவின் நேரம் ஓடத் தொடங்கியது. மண்டபம் முழுவதும் கைகள் நீண்டு காய்கள் நகர்ந்தன. கம்சிகா இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தாள். சொன்ன சொல் கேட்கும் பிள்ளை.

ஜன்னலடியில் அன்றைக்கு எனக்குத் துணை ஒருவர் இருந்தார். நெத்மியின் தகப்பன். வவுனியாவுக்குத் தெற்கே வயல் செய்கிறவர். கொழும்பில் கட்டட வேலை செய்த காலத்துச் சிங்களம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“உங்கள் மகள் நன்றாக யோசிக்கிறாள்” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பத்து நிமிடம் போயிற்று. நடுவர் ஒரு தரம் மூன்றாம் மேசைக்கு வந்து, மணிக்கூடு வேலை செய்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் ஒரு ஆட்டம் முடிந்தே விட்டது. கம்சிகா ஒரு கையை வெளியே எடுத்தாள், நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டேன், அவள் கையைத் திரும்ப வைத்துக்கொண்டாள். இன்னொரு தரமும் அப்படியே நடந்தது. நெத்மியின் தகப்பன் பொக்கற்றிலிருந்து பால் ரொபி ஒன்றை எடுத்து எனக்குத் தந்தார். எங்கள் பக்கத்து ரொபியைப்போல இனிப்பு, ஆனால் மெது.

பத்தரைக்கு நான் போனை எடுத்து மணி பார்த்தேன். அதே நேரத்தில் அவரும் எடுத்து மணி பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“இராகுகாலம் முடிந்தது” என்றார் அவர், வெட்கத்தோடு சிரித்து. “என் மனைவி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மற்றப் பிள்ளை தொடங்கினாலும், பத்தரை வரைக்கும் நீ ஒரு காயையும் தொடாதே என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவளுடைய நேரம் வீணாகப் போகுமே என்று பயந்துகொண்டு நின்றேன். நல்லவேளை, உங்கள் மகள் யோசித்தாள்.”

கம்சிகா பத்து முப்பத்தொன்றுக்கு ராசாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். அவளிடம் மிச்சம் இருபத்துமூன்று நிமிடம். நெத்மியிடம் நாற்பத்தைந்து. கம்சிகா பத்து ஒன்பதுக்கே தொடங்கியிருந்தால் அந்த இருபத்திரண்டு நிமிடமும் நெத்மியின் கணக்கில் போயிருக்கும். இதைக் கணக்குப் பார்க்க எட்டாம் வகுப்புப் போதும்.

பிறகு நடந்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதும் பார்த்தேன். குதிரை, மந்திரி, எல்லாம் யோசிக்காமல் வந்தன. நெத்மி ஒவ்வொரு காய்க்கும் கன்னத்தில் கை வைத்து ஆறுதலாக யோசித்தாள். கம்சிகா பதிலுக்கு உடனே நகர்த்தி மணிக்கூட்டை அமத்தினாள். போகப் போகப் பலகைக்கு வெளியே கறுப்புக் காய்கள் கூடிக்கொண்டு வந்தன. எனக்கு விளையாட்டுத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும். கம்சிகாவிடம் இரண்டு கோட்டை இருந்தது, நெத்மியிடம் ஒன்றும் இல்லை. நெத்மியின் தகப்பன் கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

ஆனால் யோசிக்க வேண்டிய இடங்களில் கம்சிகாவும் யோசிக்கத்தானே வேண்டும். ஓரிடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தாள். இன்னோரிடத்தில் அதைவிடக் கூடுதலாக யோசித்தாள். அதற்குப் பிறகு அவள் பலகையைவிட மணிக்கூட்டைத்தான் கூடுதலாகப் பார்த்தாள். காயைத் தூக்கும் கை அவசரப்பட்டது. ஒரு கோட்டை தட்டி விழுந்தது, அதை நிமிர்த்தி வைக்க இரண்டு வினாடி போனது. அப்போது நெத்மி கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். கம்சிகாவின் பக்கத்தில் எல்லாம் பூச்சியமாக இருந்தது. நெத்மியின் பக்கத்தில் இன்னும் ஒன்பது நிமிடம்.

இரண்டு பிள்ளைகளும் கை கொடுத்துக்கொண்டார்கள். நெத்மியின் தகப்பன் என் தோளைத் தொட்டு, உங்கள் மகள்தான் நல்ல விளையாட்டுக்காரி, நேரம்தான் அவளைத் தோற்கடித்தது என்றார். அவர் சொன்னது சரி. அவரிடம் காரணத்தைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த அளவு சிங்களம் என்னிடம் இருந்தது.

நெத்மி நாலாவதாக வந்தாள். கம்சிகா ஏழாவது.

கம்சிகா தன் காய் நகர்த்தல்களை எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ரீச்சர் வந்தார். நடுவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்று அவருடைய நடையிலேயே தெரிந்தது.

“முதல் காய்க்கு இருவத்திரண்டு நிமிசமோ?” என்றார். “உனக்கு நித்திரையிலயும் வாற தொடக்கம். என்ன செய்தனி?”

“யோசிச்சனான் ரீச்சர்.”

“முதல் காய்க்கு என்னத்தை யோசிக்கிறது?”

கம்சிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பயந்திட்டன்” என்றாள். “கையே வரேல்லை.”

மற்றப் பிள்ளைகளும் இரண்டு மூன்று பெற்றோரும் சுற்றி நின்றார்கள். நேற்று எனக்கு ஆறுதல் சொன்ன தாயும் நின்றார். ரீச்சர் தாளை மடித்தார். இப்படிப் பயப்படுகிற பிள்ளையைப் பெரிய போட்டிகளுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று, கம்சிகாவைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

“அவள் பயப்பிடேல்லை ரீச்சர். நான்தான் தொடங்க வேண்டாம் எண்டனான். ராகுகாலம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ரீச்சர் தாளைத் திரும்பவும் விரித்து அதில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்தார்.

“அண்ணை” என்றார் கடைசியில். “என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். மற்றப் பிள்ளை மணிக்கூட்டை அமத்தினவுடனேயே ஆட்டம் தொடங்கியிட்டுது. தொடங்கினது அவள். இவள் சும்மா இருந்த நேரமும் ஆட்டம்தான்.”

அதாவது எப்படியும் இராகுகாலத்தில்தான் தொடங்கியிருக்கிறது, தொடங்கிய பாவமும் எங்கள் பக்கம் இல்லை. பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. எனக்கு ஒரு விசயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று இவ்வளவு தெளிவாக ஒருவரும் இதற்கு முன் விளங்கப்படுத்தியதில்லை. ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டது.

மச்சாள் வீட்டில் சாமான்களை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தோம். மழை விட்டிருந்தது. பஸ் இன்னும் வரவில்லை. கடலை வாங்கிக் கொடுத்தேன், கம்சிகா அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பக்கத்து இருக்கையில் இரண்டு பேர் முள்ளியவளையில் நெல் அறுவடை மெசின் கிடைக்காத கதையைப் பெரிதாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கம்சிகா முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன் ரீச்சருக்குச் சொன்னனீங்கள்?”

“உன்னைப் பயந்தவள் எண்டு நினைச்சிட்டா எல்லே.”

“நினைச்சா நினைக்கட்டும். அடுத்த ஆட்டம் வெண்டால் மறந்திடுவா. இனி எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதைப்பினம்.”

அவள் பொய் சொன்னது எதற்கென்று அப்போதுதான் எனக்கு ஏறியது. எனக்குத் தெரிந்த எல்லாப் பயங்களையும் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். தண்ணீர், ரோடு, முட்டை, கரண்ட், நேரம். பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று எனக்காக வெட்கப்பட்டு, அதை மறைக்கத் தன்னைப் பயந்தவள் ஆக்கிக்கொள்ளும் என்பது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

“நீ அதை நம்பினனியே?” என்று கேட்டேன். “ராகுகாலத்தை.”

“இல்லை.”

“பிறகேன் இருந்தனி?”

“ரெண்டு தரம் காயைத் தூக்கப் பாத்தன். ஜன்னலுக்கால உங்கட முகம் தெரிஞ்சுது. நான் தொடங்கினால் உங்களுக்கு ஏதும் செய்திடும் போல கிடந்தது.”

பஸ் வந்தது. நாங்கள் உடனே எழும்பவில்லை. சனம் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த போட்டி எப்போது என்று கேட்டேன். தை மாதம், கிளிநொச்சியில், பெரிய பிள்ளைகளோடு என்றாள். அங்கே நான் எங்கே நிற்பது என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். இந்த முறை உண்மையாகவே யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

“கேற்றுக்கு வெளியில” என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தாள். பிறகு திரும்பாமலே, “ஆனா வாங்கோ” என்றாள்.